நிறம் மாறிய அந்த நொடி: வலைவழிப் பல்லூடகமும் நம் வகுப்பறையும்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்கு வரும் பேருந்தில் ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஜவ்வாது மலையடிவாரம் நெருங்க நெருங்கக் காற்று குளிரும். கைப்பேசியில் சிக்னல் கோடுகளும் ஒவ்வொன்றாகக் குறையும். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். ஒரு காணொலிப் பாடத்துக்கோ அது நெடுந்தூரம். அந்தச் சாலையில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர்.

எட்டாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. பள்ளியில் பினாப்தலீன் தீர்ந்துபோயிருந்தது. நகரத்தில் பணிபுரியும் ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “நான் இங்க செஞ்சு காட்டுறேன் சார், நீங்க வீடியோ கால்ல பசங்களுக்குக் காட்டுங்க” என்றார். நல்ல யோசனையாகப் பட்டது. கைப்பேசியைப் புரொஜெக்டருடன் இணைத்தேன். முப்பது பிள்ளைகளும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குவளையில் நிறமற்ற நீர்த்த அமிலம். அதில் இரண்டு சொட்டு பினாப்தலீன். பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். “பாருங்க… இப்ப மாறும் பாருங்க…” என்ற அவர் குரல் தெளிவாக வந்தது. படம் நின்றுவிட்டது. ஆறேழு நொடிகள் இருக்கும். படம் மீண்டபோது குவளையில் இளஞ்சிவப்பு நிறம்.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சார், டம்ளர மாத்திட்டாங்க!”

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். மாலையில் பேருந்தில் உட்கார்ந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. நிறமற்ற ஒரு குவளையைக் கண்டான். சிவந்த ஒரு குவளையைக் கண்டான். ஒரே ஒரு சொட்டு இரண்டையும் பிரிக்கிறது என்பதற்கு அவனிடம் எந்தச் சான்றும் இல்லை. கண்டதை வைத்து அவன் சரியாகவே முடிவு செய்திருந்தான். அந்தப் பாடவேளையின் உயிர் அந்த ஆறேழு நொடிகளில் இருந்தது. அதுதான் வந்து சேரவில்லை.

குரல் வந்தது, படம் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். பல்லூடக வலையமைப்பு ஆய்வாளர்கள் இன்றும் விடை தேடிக்கொண்டிருக்கும் இடங்களில் அது என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. அவற்றுள் சிலவற்றில் ஆசிரியர்களின் உதவி அவர்களுக்குத் தேவைப்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

படம் எப்படிப் பயணிக்கிறது?

ஒரு கணக்குடன் தொடங்குவோம். இதை எட்டாம் வகுப்பிலேயே கரும்பலகையில் செய்து காட்டலாம்.

ஒரு சிறிய காணொலித் திரையில் அகலவாக்கில் 640, உயரவாக்கில் 480 புள்ளிகள் என்று கொள்வோம். மொத்தம் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள். நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் நொடிக்கு 18,43,20,000 பிட்டுகள், அதாவது ஏறத்தாழ 184 மெகாபிட். நம் ஊரில் கிடைக்கும் இணைப்பில் நொடிக்கு 1 மெகாபிட் சீராக வந்தாலே நல்ல நாள். ஆக, 184 பங்கில் ஒரு பங்காகப் படத்தைச் சுருக்கினால்தான் அது நம்மிடம் வந்து சேரும்.

இந்தச் சுருக்கும் வேலை இரண்டு விதமாக நடக்கிறது.

முதலாவது, மாறாததை மீண்டும் அனுப்பாமல் இருப்பது. நாம் கரும்பலகையில் இதயத்தின் படத்தை முழுதாக ஒருமுறை வரைந்துவிட்டு, பிறகு அம்புக்குறிகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போகிறோம் அல்லவா? காணொலியும் அப்படித்தான். இடையிடையே ஒரு முழுப்படம்; நடுவில் வருபவை எல்லாம் மாற்றங்கள் மட்டும். வகுப்புக்குத் தாமதமாக வந்து முழுப்படத்தைத் தவறவிட்ட மாணவனுக்கு அம்புக்குறிகள் வெறும் கோடுகள். வலையமைப்பில் முழுப்படத்தைச் சுமந்து வரும் பொதி தொலைந்துபோனால், அடுத்த முழுப்படம் வரும்வரை நம் திரைக்கும் அதே கதிதான்.

இரண்டாவது, கண் பொருட்படுத்தாததை விட்டுவிடுவது. நம் கண் ஒளி வேறுபாட்டைக் கூர்மையாகக் காணும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாகக் காணாது. ஆகவே பெரும்பாலான காணொலிகளில் ஒளியளவைப் புள்ளிக்குப் புள்ளி பதிந்துவிட்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். இணைப்பு மெலியும்போது மெல்லிய நிறச்சாயல்கள்தான் முதலில் தட்டையாகிப் போகும்.

சினிமா பார்க்க இது போதும். பினாப்தலீன் வெளிர்சிவப்பாகத் தொடங்கும் கணத்தைக் காட்ட வேண்டிய வேதியியல் பாடத்துக்குப் போதுமா? விட்டுவிடத் தீர்மானித்தவர் சராசரிக் கண்ணை நினைத்துத் தீர்மானித்தார். பாடம் எது என்பது அவருக்குத் தெரியாது.

குரல் மட்டும் வந்ததற்கும் காரணம் உண்டு. குரலுக்கு நொடிக்கு 32 கிலோபிட் போதும். இணைப்பு தளரும்போது படத்தை விட்டுக்கொடுத்துக் குரலைக் காப்பாற்றும்படியே இத்தகைய செயலிகள் பொதுவாக அமைக்கப்படுகின்றன. இருவர் பேசிக்கொள்வதற்கு அது சரியான முடிவு.

வானிலிருந்து கைக்கு

தொலைவிலுள்ள பிள்ளைக்குப் படமும் குரலும் அனுப்பும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஏ.டி.எஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு சென்றது. ‘சைட்’ என்று அழைக்கப்பட்ட அந்தச் சோதனையில் இஸ்ரோ முன்னின்றது. கல்விக்கென்றே உருவான எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. நம் மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது அதன் அருமை நமக்கெல்லாம் புரிந்தது.

ஒளிபரப்பின் பலம் ஒன்று உண்டு. ஒருவர் பார்த்தாலும் ஒரு இலட்சம் பேர் பார்த்தாலும் செலவு ஒன்றே. மலைமேல் உள்ள வீட்டிலும் டிஷ் இருந்தால் படம் தெளிவாக வரும். ஆனால் பிள்ளை கேள்வி கேட்க வழியில்லை. “டம்ளர மாத்திட்டாங்க” என்று அவன் எழுந்து சொல்லியிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. கேள்விக்கு வழி வைத்தாலும் தொலைவு குறுக்கே நிற்கும். புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பது ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில். குரல் மேலே போய்க் கீழே வரவே கால் நொடி. கேள்வியும் பதிலுமாக அரை நொடி. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இணையம் இருவழிப் பாதை. ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டியிருக்கிறது. நொடிக்கு 1 மெகாபிட் வீதம் 45 நிமிடப் பாடம் ஏறத்தாழ 337 எம்.பி. முப்பது பிள்ளைகள் தனித்தனியே பார்த்தால் 10 ஜி.பி. அதே பாடம் குரலாக மட்டும் போனால் ஒருவருக்கு 11 எம்.பி.கூட ஆகாது.

தேனி தரும் பாடம்

நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு முயற்சி இந்தச் சிக்கலை நன்கு விளக்கும். 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்களும் சேர்ந்து, சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் கண் பரிசோதனை மையங்களை மருத்துவமனையுடன் இணைத்தார்கள். மையத்தில் நோயாளி, மருத்துவமனையில் மருத்துவர், நடுவில் வயல்களும் கிலோமீட்டர்களும். வீடுகளில் பயன்படும் விலை மலிவான வைஃபை கருவிகளையே திசைநோக்கிய ஆண்டெனாக்களுடன் பொருத்தி நெடுந்தூரத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

சிக்கல் எதிர்பாராத இடத்தில் வந்தது. வைஃபை ஒரு பொதியை அனுப்பியதும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்காகச் சில மைக்ரோநொடிகள் மட்டுமே காத்திருக்கும். ஒரு வீட்டுக்குள் அது போதும். 10 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கே 33 மைக்ரோநொடி ஆகும். பதில் வரும் முன்பே அனுப்பியவர் ‘தொலைந்துவிட்டது’ என்று முடிவு கட்டி மீண்டும் அனுப்புவார். பொதியும் பதிலும் பாதையில் மோதிக்கொள்ளும். ஆய்வாளர்கள் பேச்சு முறையையே மாற்றினார்கள். இரு முனைகளும் முறைவைத்துப் பேசின. பல பொதிகளுக்கும் சேர்த்து ஒரே பதில். 2007-இல் இந்த ஆய்வு வெளியானது.

அடுத்த ஆண்டு அவர்கள் எழுதியது இன்னும் முக்கியமானது. கிராமப்புற இணைப்புகள் அறுந்துபோனதற்குப் பெரிய காரணமாக அவர்கள் கண்டது மின்சாரம். ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைப் பழுதாக்கியது. பழுதை இனங்காண உள்ளூரில் ஆளைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. திறன்மிகு வகுப்பறையைப் பராமரிக்கும் நமக்கு இது புதுச்செய்தியா என்ன?

இனி வரும் சவால்கள்

*எதை இழக்கலாம், எதை இழக்கக்கூடாது?* இணைப்பின் வலுவுக்கேற்பப் படத்தின் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை ஏற்கனவே புழக்கத்தில் உள்ளது. அது அறிந்தது பிட்டுகளின் வேகத்தை மட்டும். பாடத்தின் பொருளை அறிந்து, இந்த ஆறு நொடியை மட்டும் எப்பாடுபட்டும் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் முறை இன்னும் ஆய்வில்தான் உள்ளது. இதற்கு ஒரு நல்ல முன்னோடி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ‘மொபைல் ஏ.எஸ்.எல்.’ திட்டம். செவித்திறன் குறைந்தோர் மெலிந்த கைப்பேசி இணைப்பிலும் சைகை மொழியில் உரையாட, முகத்துக்கும் கைகளுக்கும் கூடுதல் தெளிவு தந்து, பின்னணியைக் குறைத்துக்கொண்டார்கள். பொருளை அறிந்தவர் எதை விடலாம் என்று சொன்னதால் அது முடிந்தது. நம் பாடங்களுக்கு அதைச் சொல்லக்கூடியவர் யார்?

*அருகில் வைத்தல்.* எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் ஒரே கைப்பேசி. காலையில் அது அம்மாவோடு காலணித் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடும். இருட்டிய பிறகுதான் வீடு திரும்பும். ‘எப்போதும் இணைப்பில் இருப்பவர்’ என்று எண்ணி வடிவமைத்த எதுவும் இவர்களுக்குப் பயன்படாது. அறுபட்டு அறுபட்டு வரும் இணைப்பையே இயல்பாகக் கொண்ட வலையமைப்புகள் தனி ஆய்வுத்துறை. 2000-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தொட்டபள்ளாபூர் வட்டாரத்தில் ‘டாக்நெட்’ என்ற முறையில் அரசுப் பேருந்தில் வைஃபை கருவியைப் பொருத்தினார்கள். பேருந்து ஊர் ஊராகப் போய்த் தகவலைச் சுமந்து கொடுத்தது. பென்டிரைவில் பாடங்களை இறக்கிக்கொண்டு அமிர்திப் பேருந்தில் ஏறும் நானும் ஒரு டாக்நெட்தான்! எந்தப் பாடம் எந்த வாரம் எந்தப் பள்ளிக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டி அறிந்து, இரவில் இணைப்பு ஓய்வாக இருக்கும்போது தானே இறக்கி வைக்கும் ஏற்பாடு இனி வர வேண்டியது.

*கை அறிவது.* மறுநாள் அதே மாணவன் என்னிடம் வந்தான். “சார், எங்கப்பாவும் அந்தச் சொட்டு போடுவாராம் சார்” என்றான். அவன் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். முடி நீக்கச் சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சுண்ணாம்பை அகற்றுவார்கள். அகன்றுவிட்டதா என்றறியத் தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டுமுகத்தில் பினாப்தலீன் விடுவார்கள். சிவந்தால் சுண்ணாம்பு உள்ளே இன்னும் இருக்கிறது. நிறம் வராவிட்டால் போய்விட்டது. நாங்கள் திரையில் தேடியது அவன் வீட்டில் இருந்தது!

தோலைக் கையால் அழுத்தி மடித்துப் பார்த்தே தரம் சொல்பவர்கள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உண்டு. கடல்கடந்து வாங்குபவருக்குப் படம் போகும், குரல் போகும். தோலின் மென்மை போகுமா? தொடுதலை அனுப்பும் ஆய்வு உலகெங்கும் நடக்கிறது. கைக்கு உண்மைபோலத் தோன்ற, தொடு உணர்வை நொடிக்குச் சுமார் 1,000 முறை புதுப்பிக்க வேண்டும். ஒரு மில்லிநொடியில் ஒளியிழை வழியே போய்த் திரும்ப வேண்டுமானால் 100 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. ஆம்பூரிலிருந்து சென்னைக்கே எட்டாது. இயற்பியல் போட்ட இந்த வேலியை ஊகித்துத்தான் தாண்ட வேண்டும். எதிர்முனையின் உணர்வை முன்கூட்டிக் கணிக்கும் மாதிரிகள் அதற்கான ஒரு வழி.

*இட்டு நிரப்பும் செயற்கை நுண்ணறிவு.* முழுப்படத்தை அனுப்பாமல் சில குறிப்புகளை மட்டும் அனுப்பி, மறுமுனையில் செயற்கை நுண்ணறிவு படத்தை வரைந்துகொள்ளும் முறைகள் வளர்ந்து வருகின்றன. சிறிய இணைப்பிலும் திரை தெளிவாக இருக்கும். அன்று அத்தகைய முறை இருந்திருந்தால் படம் நின்றிருக்காது. நிறமற்ற குவளை மெல்ல மெல்லச் சிவந்திருக்கும். ஆனால் அந்தச் சிவப்பு சோதனையில் நிகழ்ந்ததா, கணினி ஊகித்ததா? சோதனையில் தவறு நடந்து நிறம் மாறாமலே போயிருந்தால் அதையும் மாறியதாகக் காட்டியிருக்குமோ? நின்றுபோன படத்தை என் மாணவன் சந்தேகித்தான். தடையின்றி ஓடும் பொய்யை அவனால் சந்தேகிக்க முடியாது. எது கண்டது, எது கணித்தது என்று திரையிலேயே காட்டும் வழி ஆய்வாளர்கள் நமக்குத் தர வேண்டிய கடன்.

*தரத்தை அளப்பது.* காணொலியின் தரத்தை அளக்க, பார்த்தவர்களிடம் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்பது நெடுநாள் வழக்கம். அழகான காணொலிக்குப் பிள்ளைகள் நான்கு, ஐந்து என்று தாராளமாகப் போடுவார்கள். அடுத்த நாள் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. ‘படம் தெளிவாக இருந்ததா?’ என்பதிலிருந்து ‘பிள்ளைக்குப் புரிந்ததா?’ என்பதற்கு அளவுகோல் நகர வேண்டும். அந்த இரண்டாம் கேள்விக்கு விடை வகுப்பறையில் மட்டுமே கிடைக்கும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

*தொடக்க வகுப்புகள்:* தெரிந்த கதையொன்றை இருபது துண்டுச் சீட்டுகளில் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். கலைத்து, மூன்று சீட்டுகளை ஒளித்துவிட்டு, மீதியைப் பிள்ளைகள் அடுக்கட்டும். எந்தச் சீட்டு இல்லாதபோது கதை புரியவில்லை? எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை? எல்லாப் பொதிகளும் சம மதிப்புடையவை அல்ல என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

*6 முதல் 8 வரை:* மேலே உள்ள 184 மெகாபிட் கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். அடுத்து, ஒரே காணொலியை ஒரு குழு ஒலியின்றிப் பார்க்கட்டும். இன்னொரு குழு திரையைப் பாராமல் கேட்கட்டும். இரு குழுக்களும் புரிந்துகொண்டதை எழுதி ஒப்பிடட்டும்.

*9 முதல் 12 வரை:* 10 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர், 35,800 கிலோமீட்டர் தொலைவுகளை ஒளி கடக்கும் நேரத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். அதிலிருந்து உரையாடல், தொடுதல், ஒளிபரப்பு ஆகியவற்றுள் எது எந்தத் தொலைவுக்குப் பொருந்தும் என்று விவாதிக்கலாம்.

*ஆசிரியருக்கு:* ஒவ்வொரு காணொலியையும் வகுப்பில் காட்டும் முன் ஒருமுறை பார்த்து, அதன் உயிர் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘3 நிமிடம் 40 நொடி, நிறம் மாறுகிறது’ என்பதுபோல ஒரு வரி போதும். அந்தப் பகுதியை மட்டும் முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம். அது வராவிட்டால் கையில் என்ன மாற்று இருக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். படம் நின்ற இடம், அப்போது பிள்ளைகள் சொன்னது, நாம் செய்தது என்று மூன்று பத்திகளில் ஓராண்டு பதிவு வைத்தால், குறுவள மையக் கூட்டத்தில் பகிர நம்மிடம் ஒரு நல்ல ஆவணம் இருக்கும். எதை இழக்கக்கூடாது என்று தேடும் ஆய்வாளருக்கு அதைவிடப் பயனுள்ள தரவு வேறெங்கே கிடைக்கும்?

என் பதிவேட்டின் முதல் வரி இப்படி இருக்கிறது: ‘பினாப்தலீன். நிறம் மாறும் கணம் வரவில்லை. மாணவன்: டம்ளர மாத்திட்டாங்க. மாற்று: மஞ்சள் தாள், சுண்ணாம்பு நீர்.’

அந்த வாரமே மஞ்சள் தடவிய தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். சுண்ணாம்பு நீரில் நனைத்த குச்சியால் அந்த மாணவன் ஒரு கோடு இழுத்தான். மஞ்சள் அவன் கண்முன்னே சிவந்தது. குச்சியைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். “இப்ப மாத்தல சார்” என்றான்.